படங்களைப் பார்க்காதவள்

மியூசிய வாசலில், வருபவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கிற பெண் டோர்கெலிடம் இரண்டு டோக்கன்களை நீட்டினாள்.

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மேசைமேலேயே விட்டுவிட்டு நகர்ந்தார். அவள் மேசையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, இதையும் எடுத்துக்குங்க."

"என்கிட்ட ஒரு கோட்டுதானேம்மா இருக்கு."

"உங்களுது ஒண்ணு, அவங்களுது ஒண்ணு." மாடிப்படிப் பக்கம் தலையை ஆட்டினாள். "அவங்க முன்னாடி போயிட்டாங்க. டோக்கன் வாங்கிக்கக்கூட நிக்கல."

படியில் யாரும் இல்லை. யாரோ கழற்றி உதறிய பூட்ஸிலிருந்து விழுந்த பனி கல் தரையில் சாம்பல் நிறத் தண்ணீராகப் பரவிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாடையும் மெழுகு போட்டுத் துடைத்த மரத்தின் வாடையும் கலந்து, ஸ்டாக்ஹோமின் எல்லா மியூசியங்களிலும் ஜனவரி மாதம் அடிக்கிற அதே வாசனை அங்கேயும் அடித்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வேறு யாருடைய கோட்டையோ தன் கணக்கில் சேர்த்துவிட்டாள் என்று நினைத்து, இரண்டாவது டோக்கனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் படியேறினார்.

மியூசியம் பார்ப்பது டோர்கெலின் பழக்கமே இல்லை. அது அவர் மனைவி சூல்வெய்யின் பழக்கம்.

நவம்பரில் சூரியன் மூன்று மணிக்கே கடையைக் கட்டத் தொடங்கியதும், ஞாயிறு தவறாமல் அவரை வீட்டிலிருந்து கிளப்பிவிடுவாள். "வீட்லயே உக்காந்திருந்தா இந்த இருட்டு நம்மளத் தின்னுடும், எந்திரி" என்பாள். வார நாட்களில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து, அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்தே பொழுது போகிறவள். ஞாயிறன்றாவது வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு. கப்பல்கள், பழைய நாணயங்கள், விவசாயிகளின் கல்யாண உடைகள், படங்கள், எதுவானாலும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்ப்பாள். மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை குனிவாள். டோர்கெல் அவளோடு வாசல்வரை வருவார். பிறகு கீழே காபி கடையில் பேப்பரை விரித்துக்கொள்வார். லிஃப்ட் பழுது பார்த்தே காலம் கழித்தவர். வேலை நாளெல்லாம் மாடி ஏறி இறங்கிய முட்டி.

"ஒரே ஒரு ரூம் வாயேன், டோர்கெல்."

"நீ பாத்துட்டு வந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அவளும் வந்து சொல்வாள். சிவந்த கன்னமும், வாயில் ஏலக்காய் மணமுமாக. சிகரெட்டை விட்டதிலிருந்து கோட்டுப் பையில் எப்போதும் ஏலக்காய் வைத்திருப்பாள். அவள் சொல்லும்போது அவர் பன்னைத் தின்றபடி தலையாட்டுவார். பாதி காதில் விழும்.

அக்டோபரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சொன்னது மட்டும் முழுதாகக் காதில் விழுந்தது.

"உனக்கு ஒரு படம் காட்டணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். சின்னப் படம்தான். ஜன்னல்கிட்ட ஒரு ஆளு உக்காந்திருக்கான். அப்படியே நீதான். கழுத்துகூட உன்ன மாதிரியேதான் இருக்கு."

"எந்த மியூசியத்துல?"

"சொன்னா நீயா போய்ப் பாத்துட்டு வந்துடுவே. நான் கூட நின்னு காட்டணும்." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "எந்திரிச்சு வந்ததும் போலாம்."

அவள் எழுந்து வரவில்லை. மகள் ஹெட்விக் வடக்கே லூலியோவிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பனியில் நடுவழியில் நின்றுவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

அந்தப் படத்தைத் தேடித்தான் டோர்கெல் இப்போது ஒவ்வொரு மியூசியமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பெண்கள். கடிதம் படித்துக்கொண்டும் துணி தைத்துக்கொண்டும்.

கீழே இறங்கி இரண்டு டோக்கன்களையும் கொடுத்தார். அந்தப் பெண் முதலில் அவருடைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி உள்ளே போய் ஒரு வெற்றுக் கொக்கியிலிருந்து எதையோ இரண்டு கையாலும் தூக்கினாள். அதைச் சுமந்து வந்தாள். மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவருக்கு முன்னால் இருந்த காலி இடத்தில், வயதானவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவதுபோல, இரு கைகளையும் விரித்துப் பிடித்தாள்.

அந்தக் கைகளில் ஒன்றுமே இல்லை. ஆனால் மணிக்கட்டுகள் கனமான துணியைத் தாங்குவதுபோலத் தாழ்ந்திருந்தன. கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு காற்றில் ஒரு தோளை நீவிச் சரிசெய்து, எதிரே பார்த்துப் புன்னகைத்தாள்.

"வெளிய வழுக்குது, பாத்துப் போங்க."

அவள் அதைச் சொன்னது டோர்கெலிடம் அல்ல.

வாசலைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அறைந்தது. அதோடு சேர்ந்து, சந்தேகமே இல்லாமல், மிக அருகில், ஏலக்காய் மணம்.

டிராம் நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பயந்துதான் போயிருந்தார். ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பி வந்தது. அது மேலே வந்து சேர்ந்தபோது அவர் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"வந்துட்டியா," என்றார். "வந்துட்டியாம்மா."

அடுத்த ஞாயிறு அவர் சவரம் செய்து, அவளுக்குப் பிடித்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தீவிலிருக்கும் படகு மியூசியத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூடம் விடாமல் நடந்தார். "இதுல என்னத்தத்தான் பாப்பே நீ, அவ்வளவு நேரம்?" என்று மெல்லக் கேட்டார். "ஓட்டைப் படகு. நம்ம மாமா வீட்ல இதவிட நல்லது இருந்துச்சே." பதில் இல்லை. ஆனால் முகத்துக்கு முன்னால் காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. ஏலக்காய் மணம் விடாமல் கூடவே வந்தது.

காபி கடைப் பெண் கேட்டாள், "அவங்க போய் உக்காந்துட்டாங்க. அவங்களுக்கும் காபிதானே?"

"ஆமாமா," என்றார் டோர்கெல். "அவளுக்குப் பால் வேணாம்."

எதிரே வைத்த கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. அது நேராக எழாமல், யாரோ மூச்சு விடுவதுபோல, அவர் பக்கமே சாய்ந்து சாய்ந்து வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பன்னைப் பிட்டுத் தின்றார். அக்டோபருக்குப் பிறகு வாய்க்கு ருசித்த முதல் உணவு அது.

அன்று வீட்டுக் கதவைத் திறந்து, விலகி நின்று, "உள்ள வா" என்றார்.

சாயங்காலம் ஹெட்விக்குக்குப் போன் செய்தார்.

"ஒண்ணு சொல்லுவேன், அப்பனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனைக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"அம்மா என்கூடதான் இருக்கா."

அவர் எல்லாவற்றையும் சொன்னார், கோட்டு, காபி, ஏலக்காய், எல்லாம். அடுத்த ஞாயிறு ஓவிய மியூசியத்துக்குப் போகப்போவதையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் என்பதையும் சொன்னார். அத்தனை படங்கள் இருக்கிற இடம், அவள் சொன்ன படம் அங்கேதான் இருக்க வேண்டும்.

"அப்பா, நீ ஒழுங்கா சாப்பிடறியா?" என்றாள் ஹெட்விக் கடைசியில். "டாக்டர் யாரையாவது பாக்கறியா?"

"பைத்தியம்னுதானே நெனைக்கறே?"

"இல்லப்பா." அழுகிறாள் என்று தெரிந்தது. "என்கிட்ட ஏன் வரமாட்டேங்கறா? நான் கடைசியா அவ மூஞ்சியக்கூடப் பாக்கல."

ஓவிய மியூசியத்தில் அந்த ஞாயிறு கூட்டம் குறைவு. உயரமான ஜன்னல்களுக்கு வெளியே துறைமுகத்துத் தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்தது. உறையத் தொடங்கிய தண்ணீர், தடித்த எண்ணெய்போல மெதுவாக அசைந்தது. கூடங்களின் மரத்தரை அவர் காலடியில் முனகியது. அவர் நின்ற பிறகும் இன்னொரு முறை முனகியது, சற்றே முன்னால்.

"எது?" என்று கேட்டார். "காட்டு. இப்பதான் கூட நிக்கறியே."

ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. முகத்துக்கு முன்னால் இருந்த குளிர் விலகவும் இல்லை. ஒவ்வொரு கூடமாக நடந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, "இதுவா? இதுவா?" என்று கெஞ்சினார். ஏலக்காய் மணத்துக்குள் இன்று இன்னொரு வாடையும் இருந்தது. படகுத் துறைகளின் அடியில், வெயிலே படாத கல்லில் அடிக்குமே, அந்த ஈரம். முன்பும் இருந்திருக்கலாம், அவர்தான் கவனிக்கவில்லை.

கால் ஓய்ந்து, ஒரு பெரிய கடல் படத்தின் எதிரே, அதற்கு மிக நெருக்கமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

மூலையில் நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து வந்தாள். நரைத்த பின்னலும் சீருடையும், நல்ல முகம். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிக்கச் சொல்றீங்களா? முதுகு படத்து மேல படற மாதிரி நிக்கறாங்க."

டோர்கெல் கடல் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"முதுகா?"

"ஆமா. பழைய படம், கை பட்டாலே அலாரம் அடிக்கும். நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"அவ..." படத்தைக் கை காட்டினார். "அவ படத்தப் பாக்கலையா?"

காவலாளி சிரித்தாள், அடுத்தவர் வீட்டு அந்யோன்யத்தைப் பார்த்துவிட்ட கூச்சச் சிரிப்பு. "படத்தையா? உள்ள வந்ததுலேருந்து ஒரு படத்தையும் பாக்கல. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாக் கூடத்துலயும் பின்பக்கமாவே நடந்து வர்றாங்க, யாரு மேலயாவது இடிச்சிடப் போறாங்கன்னு எனக்குத்தான் பயம். கண்ணைக்கூட எடுக்கல. குடுத்து வெச்சவர்தான் நீங்க."

டோர்கெல் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எதன்மேல் முட்டுவார் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

சூல்வெய் ஒரு படத்துக்கு முதுகு காட்டி நின்றதே இல்லை. அவர் ஞாயிறுதோறும் பார்த்தது அவளுடைய முதுகைத்தான். படத்தை நோக்கிக் குனிந்த அந்த முதுகைக் கதவருகே நின்று பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனவர் அவர். அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? அவளுக்குப் பார்க்க உலகத்தில் எவ்வளவோ இருந்தது.

அப்படியென்றால் அவள் வரவில்லை.

அந்த நினைப்பு பயத்துக்கும் முன்னால் வந்தது. அவள் வரவே இல்லை. அக்டோபரில் போனவள் போனவள்தான். அந்தக் கட்டில், அந்தப் புது விரிப்பு. அவருக்கு அது இரண்டாம் முறையாக நடந்தது, அந்தப் பெஞ்சில், கடல் படத்தின் எதிரே. காவலாளி அவர் தோளைத் தொட்டு, "தண்ணி வேணுமா?" என்றாள்.

பிறகுதான் பயம் வந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து என்ன பிரயோஜனம்? கதவைத் திறந்து "உள்ள வா" என்றவர் அவரேதான். சாவியைத் திருப்பும்போதே அது முகத்துக்கு முன்னால் இருந்தது. அவர் உள்ளே அடியெடுத்து வைக்க, அது ஓர் அடி பின்னால் வைத்தது. வராந்தாப் பலகை முனகிற்று. அவர் காலுக்கு முன்னால்.

எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறியது. ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தால், தெருவிளக்குக்கும் தனக்கும் நடுவே அது இருக்கிறது என்று தெரியும். ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனால், கை அதன் குளிருக்குள் நுழைந்து வெளியே வரும். கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யும்போது, கண்ணாடியில் அவர் முகம் மட்டும்தான் தெரியும். ஆனால் கண்ணாடியில், அவர் மூச்சு படாத இடத்தில், ஆவி படியும். படுத்தால் அது மேலே இருக்கும். கிடையாக, காற்றில், முகத்தின் நேர் மேலே. மூச்சு விடும் சத்தம் கிடையாது. வாடை மட்டும் வரும். ஏலக்காய் நாளுக்கு நாள் குறைந்தது. துறைமுகத்துக் கல்லின் ஈரம் நாளுக்கு நாள் கூடியது. இனி வேஷம் போட வேண்டியதில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

"யாரு நீ?" என்று ஒருநாள் கேட்டார்.

குளிர் சற்றே நெருங்கியது. மூக்கு நுனி மரத்துப்போகும் அளவுக்கு. பிறகு பழைய இடத்துக்குப் போனது. ஆர்வத்தோடு குனிந்து பார்ப்பதுபோல.

அவர் ஹெட்விக்கிடம் சொல்லவில்லை. அவள் இரண்டு முறை போன் செய்தாள். "அம்மா இருக்காளா?" என்று சின்னக் குழந்தைபோலத் தயங்கிக் கேட்டாள். முதலில் அவள் குரலில் இருந்த கவலை போய், இப்போது ஏக்கம் வந்திருந்தது. "இருக்காம்மா," என்றார். வேறு என்ன சொல்வது? இல்லை என்றால் சூல்வெய்யை மூன்றாம் முறை சாகடிக்க வேண்டும், அதுவும் மகளின் காதில். உண்மையைச் சொன்னால், தானே அழைத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறது எது என்று சொல்ல வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை: காலையில் கண் விழிக்கும்போது அந்த வீட்டில் தன்னைப் பார்க்க ஒன்றாவது இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் எங்கும் போகவில்லை. போனால்தானே நாலு பேர் அதைப் பார்த்துச் சிரித்துப் பேசுவார்கள். சமையலறையில் உட்கார்ந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் இருக்கும் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனி பெய்தது. மதியம் தாண்டியதும் வெளிச்சம் நீலமாகி, நீலம் சாம்பலாகத் தொடங்கியது.

போன் சத்தமிட்டது. ஹெட்விக் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். சத்தமாக வைத்துக் கேட்டார்.

"அப்பா, நான் வந்துட்டேன். ராத்திரி ரயில் புடிச்சு வந்தேன், உன்கிட்ட சொன்னா வேணாம்பே. ஞாயித்துக்கிழமைதானே, அந்தப் பட மியூசியத்துலதானே இருப்பீங்க? நேரா அங்கயே வந்துட்டேன். மேல பெரிய கூடத்துல இருப்பேன், உள்ள போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க." மூச்சிரைத்தது, படியேறிக்கொண்டே பேசியிருக்கிறாள். "எனக்கும் அவளப் பாக்கணும்ப்பா. ஒரே ஒரு தடவ. பாத்து, சாரிம்மா, ரயில் நின்னுடுச்சும்மான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் உடனே அழைத்தார். போன் அணைந்திருந்தது. மறுபடி. மறுபடி.

சரி, யோசிப்போம் என்று சொல்லிக்கொண்டார். நான் போகாவிட்டால் இதுவும் போகாது. நான் இங்கேயே இருப்பேன். காத்துப் பார்த்துவிட்டு அவளே வீட்டுக்கு வருவாள். அழைப்பு மணி அடித்தால் திறக்கக் கூடாது. கதவு வழியாகவே பேசி அனுப்பிவிட வேண்டும். எப்படியாவது அனுப்பிவிட வேண்டும். அவர் காபியை ஒரு வாய் குடித்தார். சூடாக இருந்தது. நன்றாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தார். தோள்கள் தளர்ந்தன. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். காபி மணந்தது, சோப்பு மணந்தது, ஜன்னல் இடுக்கு வழியாகப் பனியின் சுத்தமான மணம் வந்தது. கோப்பையின் ஆவி நேராக மேலே போனது.

அவர் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

நேராக மேலே போனது.

கையை முன்னால் நீட்டினார். காற்று. சமையலறையின் வெதுவெதுப்பான, வெறும் காற்று.

வராந்தாவில் கதவு திறந்து கிடந்தது. படிக்கட்டின் விளக்கு உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

கோட்டு இல்லாமல் ஓடினார். தெருவில், வழுக்காமலிருக்க இன்னும் உப்புத் தூவாத பனி. விழுந்தார். எழுந்தார். டிராமில் ஏறி நின்றுகொண்டே வந்தார். ஒரு கிழவி தன் சால்வையை நீட்டினாள். அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பாலத்தைத் தாண்டும்போது டிராம் நின்றது. முன்னால் ஏதோ வண்டி. "கதவத் திறங்க," என்று கத்தினார். "தயவு பண்ணித் திறங்க!" ஓட்டுநர் திறந்தான். மிச்ச தூரம் தண்ணீர் ஓரமாகவே ஓடினார். கறுத்த தண்ணீர். முட்டி கத்தியது. மியூசியத்தின் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே ஆட்கள் நிதானமாக நடப்பது தெரிந்தது.

டிக்கெட் என்றார்கள். நிற்கவில்லை. படி. இன்னும் படி. மரத்தரை முனகியது, அவருடைய காலுக்கு மட்டும்.

பெரிய கூடத்தின் வாசலில் ஹெட்விக்கின் குரல் கேட்டது.

"அம்மா."

அவள் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். சிவப்புக் கோட்டு, தோளில் பயணப் பை. முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அவரைப் பார்க்கவில்லை. அவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அந்த முகத்தில் கண்டு எத்தனையோ வருஷமாகிறது. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"அம்மா, ரயில் நின்னுடுச்சும்மா," என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு கையையும் விரித்து முன்னால் வந்தாள்.

"ஹெட்விக்! வேணாம்! அது அம்மா இல்ல!"

கத்தினார் என்றுதான் நினைத்தார். ஓடி வந்த மூச்சில் காற்றுதான் வந்தது. அதற்குள் அவள் கட்டிக்கொண்டாள். வெற்றுக் காற்றைச் சுற்றி அவள் கைகள் மூடின, மூடி ஓரிடத்தில் நின்றன. கன்னத்தை எதன்மேலோ சாய்த்தாள். கன்னம் அங்கே அழுந்தியது.

அவர் பக்கவாட்டாகச் சுற்றி, அவள் முதுகு தெரியும் இடம்வரை பாய்ந்தார். ஒரு கை அவர் புஜத்தைப் பிடித்தது. நரைத்த பின்னல் போட்ட காவலாளி. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"கொஞ்சம் விடுங்க," என்றாள் மெல்ல. "அம்மாவும் பொண்ணும். ரொம்ப நாள் கழிச்சுப் பாக்கறாங்க போல."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் படங்களை விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஒரு தம்பதி கையைக் கோத்துக்கொண்டு புன்னகைத்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

டோர்கெலுக்குத் தெரிந்தது அவருடைய மகள் மட்டும்தான். அவள் முதுகில், சிவப்புக் கோட்டின் மேல், விரல்கள் அழுந்துவதுபோலப் பள்ளங்கள் விழுந்தன. தோள்பட்டையில் தொடங்கின. இறங்கின. இடுப்புவரை நீண்டன. ஒவ்வொன்றாக, நிதானமாக, பிடி இறுகியது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத தோளுக்கு மேலே ஹெட்விக்கின் முகம் அவரைப் பார்த்துத் திரும்பியது. சந்தோஷம் இன்னும் உதட்டில் இருந்தது. கண்ணை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூக்கு விரிந்தது, எதையோ முகர்ந்ததுபோல. அவள் கைகளை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை.

"அப்பா," என்றது அவள் வாய், சத்தமில்லாமல்.

பக்கத்தில் காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெட்விக்கின் கால்கள் மெதுவாகத் தரையை விட்டு எழும்பின. சுற்றி நின்றவர்களில் யாரோ முதலில் கை தட்டினார்கள்.